சின்னப் பாய்மரப் படகில் டீசல் டேங்க்: எங்கே வைப்பது, எதில் செய்வது? (அனுபவங்கள்)

பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் பாயைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். டீசல் டேங்க் பற்றிக் கேட்டால் "லாக்கருக்குள் எங்கேயோ இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் எஞ்சின் கட்டாயம் வேண்டிய நேரம் எது? காற்று விழுந்து அலை மட்டும் மிச்சமிருக்கும்போது, குறுகலான துறைமுக வாயிலுக்குள் நுழையும்போது. சரியாக வைக்காத டேங்க் அப்போதுதான் காலை வாரும். இதில் பட்டவர்கள் எல்லோரும் எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

என் படகு 9 மீட்டர் நீளம். வாங்கும்போதே காக்பிட் (படகை ஓட்ட உட்காரும் திறந்த பள்ளம்) இருக்கைக்குக் கீழே, இடப்பக்க லாக்கரில் (சாமான் வைக்கும் அறையில்), அகலமும் தட்டையுமாக ஒரு டேங்க் இருந்தது. டீசலை உறிஞ்சும் குழாய் அதன் வெளி ஓரத்தில். அமைதியான நீரில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு மாலை, பாயும் விரித்து எஞ்சினும் ஓட்டிக்கொண்டு வந்தோம். படகு வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருந்தும் எஞ்சின் இருமி இருமி நின்றுவிட்டது. ஏர் பிடித்திருந்தது. ஃபில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, துணியைப் பிடித்துக்கொண்டு, பம்பின் சின்ன லீவரைக் கட்டைவிரலால் அடிக்க அடிக்க நுரையாக வந்தது. குமிழி நின்று வெறும் டீசல் வழிந்த பிறகு ஸ்க்ரூவை இறுக்கினோம், எஞ்சின் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை.

கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். 80 செ.மீ. அகல டேங்க் 25 டிகிரி சாய்ந்தால், ஓர் ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் டீசல் மட்டத்தில் சுமார் 37 செ.மீ. வித்தியாசம் வரும். என் டேங்கின் ஆழமே 25 செ.மீ.தான். மேலே தூக்கிய ஓரம் காய்ந்து போகாமல் என்ன செய்யும்? அதே சாய்வில் 30 செ.மீ. அகல டேங்க் என்றால் வித்தியாசம் 14 செ.மீ. மட்டுமே. அதனால்தான் குறுகலாகவும் ஆழமாகவும், படகின் நீளவாக்கில், நடுக்கோட்டில் வைக்கச் சொல்கிறார்கள். உறிஞ்சு குழாயும் டேங்கின் நடுவில், அடியிலிருந்து கொஞ்சம் உயரத்தில் நிற்க வேண்டும். அடியோடு வைத்தால் அங்கே தங்கும் தண்ணீரையும் கசடையும் முதலில் இழுக்கும்.

எடையையும் மறக்க வேண்டாம். 80 லிட்டர் டீசல் சுமார் 67 கிலோ, ஒரு ஆளின் எடை. அதை ஒரு பக்கத்தில் வைத்தால் படகு எப்போதும் அந்தப் பக்கம் சாய்ந்தே நிற்கும். முன் முனையிலோ பின் முனையிலோ வைத்தால் அலையில் தலையாட்டம் கூடும்.

எவ்வளவு கொள்ளளவு வேண்டும்? சின்ன டீசல் எஞ்சின் நிதானமாக ஓடினால் மணிக்கு 2 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பயன்படக்கூடிய 60 லிட்டர் இருந்தால் 30 மணி நேரம். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 150 கடல் மைல். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று பிரித்தாலும் பெரும்பாலானோருக்குப் போதும். பெரிய டேங்காகப் போட்டுவிட்டுப் பாதி காலியாக வைத்திருந்தால் ஈரக்காற்றின் தண்ணீர் உள்ளே இறங்கும், டீசல் பழசாகும், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கிருமி வளரும். அந்தக் கறுப்புக் கொழகொழப்பு ஃபில்டரில் வந்து அடைவதும் அலை அதிகமான நாளில்தான், ஏனென்றால் அப்போதுதான் அடியிலிருப்பது கலங்கும்.

*

நண்பரே, நான் டேங்க் எதில் செய்வது என்பது பற்றிச் சொல்கிறேன். என்னுடையது அலுமினியம். கட்டிய பட்டறைக்காரர்கள் ஒட்டுப்பலகை மேல் கம்பளத் துண்டு விரித்து, அதன் மேல் டேங்கை வைத்திருந்தார்கள். கம்பளம் உப்புத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டது. மேலிருந்து பார்த்தால் டேங்க் புதுசு போல மின்னும். பில்ஜில் (படகின் அடிவயிற்றில், கசிவு நீர் சேரும் இடத்தில்) டீசல் வாடை மட்டும் போகவில்லை. கடைசியில் வெளியே எடுத்துப் புரட்டினால், அடியில் வெள்ளைப் பொடி பூத்த புள்ளிகள். ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினேன், உள்ளே போய்விட்டது.

இதில் பெரிய வேலை டேங்கை வெளியே எடுத்ததுதான். எஞ்சினை இறக்குவதற்கு முன்பே டேங்கைப் போட்டுவிட்டார்கள். அதனால் எஞ்சினைத் தூக்கிய பிறகுதான் டேங்க் வெளியே வந்தது. குறை அலுமினியத்தில் இல்லை, ஈரம் பிடித்த கம்பளத்தில்தான். 5083, 5086 மாதிரி கடல் தரத் தகடாக இருந்து, தண்ணீர் தேங்காத பிளாஸ்டிக் பட்டைகள் மேல், சுற்றிக் காற்றோட்டத்துடன் உட்கார்ந்தால் நீண்ட காலம் நிற்கும். ஸ்டெயின்லெஸ் என்றால் 316எல் கேளுங்கள், வெல்டிங் ஓரங்களில் கண் வையுங்கள். டீசலுக்குத் துத்தநாகம் பூசிய இரும்பும் செப்புக் குழாயும் வேண்டவே வேண்டாம். துத்தநாகம் டீசலோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒன்றை உண்டாக்கி ஃபில்டரை அடைக்கும். செம்பு டீசலைச் சீக்கிரம் கெடுக்கும்.

பாலிஎதிலீன் டேங்க் துருப்பிடிக்காது, வெல்டிங் கிடையாது. ஆனால் எரிபொருள் ஊற்றிய பிறகு அது கொஞ்சம் உப்பும். சுற்றிலும் இடைவெளி விடாமல் பெட்டி மாதிரி அடைத்துப் பூட்டினால் பிதுங்கி விரிசல் விடும். எந்தப் பொருளானாலும் ஐஎஸ்ஓ 21487 (படகு எரிபொருள் டேங்குக்கான சர்வதேசத் தரம்) தரத்தில் செய்ததா என்று கேளுங்கள், ஹோஸில் ஐஎஸ்ஓ 7840 (தீ தாங்கும் எரிபொருள் ஹோஸுக்கான தரம்) அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

*

வென்ட் குழாயை (டேங்குக்குள் காற்று போய்வரும் குழாயை) யாரும் சொல்லவில்லையே! எங்கள் படகில் அதன் வாய் பின்பகுதியின் ஒரு பக்கத்தில், நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அந்தப் பக்கம் நெடுநேரம் சாய்ந்து ஓடிய நாளில் அது தண்ணீருக்குள் போய்விட்டது. கண்ணாடிக் கிண்ண ஃபில்டரில் பாதி தண்ணீர், அதன் மேல் சிவப்பு டீசல், நடுவே கோடு போட்ட மாதிரி பிரிந்து நின்றது. இப்போது வென்ட் காக்பிட் சுவரின் மேல் விளிம்புக்கு அடியில் வளைந்து ஏறி இறங்குகிறது. ஊற்றும் மூடியின் ஓ-ரிங்கையும் மாற்றினேன். மழைத் தண்ணீர் அந்த வழியாகவும் போகும்.

இரண்டு டேங்க் வைப்பவர்களுக்கு ஒன்று: டீசல் எஞ்சின் மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். எந்த டேங்கிலிருந்து இழுக்கிறதோ அதற்கே ரிட்டர்ன் லைனும் போக வேண்டும். இல்லையென்றால் ஒன்று காலியாகி மற்றது வென்ட் வழியாகக் கடலில் வழியும்.

*

வெளிப்புற மோட்டார் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குப் பெட்ரோல்தான், அங்கே விஷயம் வேறு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கி பில்ஜில் தங்கும், ஒரு பொறி போதும். கையில் தூக்கும் டேங்கை நான் கேபினுக்குள் வைக்கவே மாட்டேன். கேபினோடு தொடர்பில்லாத, அடியில் படகுக்கு வெளியே வழியும் துளையுள்ள லாக்கரில் வைத்துப் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறேன். நிரப்புவது எப்போதும் கரையில் தரையில் இறக்கி வைத்துத்தான்.

*

இதைத் தொடங்கி வைத்தவன் நான்தான், எல்லோருக்கும் நன்றி. பழைய டேங்கைக் கழற்றிவிட்டேன். கீலுக்கு (படகின் அடியில் நடுக்கோட்டில் ஓடும் முதுகெலும்புக்கு) மேலே, பில்ஜ் தண்ணீர் தொடாத உயரத்தில் 30 செ.மீ. அகலத்தில் ஓர் இடம் கிடைத்தது. எஞ்சினைத் தூக்கிய கதையைப் படித்ததும் ஆர்டர் கொடுப்பதை நிறுத்திவிட்டு, முதலில் அட்டையில் அதே அளவுக்கு ஒரு டேங்க் செய்து, கேபின் வாசல் வழியாக இறக்கிப் பார்த்தேன். மூலையில் படிக்கட்டு இடித்தது. நீளத்தில் 6 செ.மீ. குறைத்ததும் உள்ளே போய், திரும்பி வெளியேயும் வந்தது. மேலே கை நுழையும் அளவுக்கு ஒரு மூடி, உள்தடுப்பின் (டீசல் அலையாமல் டேங்குக்குள் வைக்கும் தகட்டின்) இரு பக்கமும் எட்டும்படி இன்னொன்று என்று வரைபடத்தில் சேர்த்திருக்கிறேன். டீசல் அளவு காட்டும் கேஜ் சாய்வில் பொய் சொல்லும் என்பதால் அளவுக்கோல் விடும் துளையும் கேட்டிருக்கிறேன்.