பாதிச் சம்பளம், பாதி வேலை: நெல்லைப் பக்கம் உங்களுக்கு என்ன நடந்தது?

பாளைக் கணக்கன்:

"வேலைய விட்டுட்டியளாம்லா அண்ணாச்சி?" என்று முருகன்குறிச்சி டீக்கடையில் முதல் ஆள் கேட்டபோது, நான் பாதி வேலைக்கு மாறி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. "விடல, குறைச்சிருக்கேன்" என்றேன். அது அவருக்குப் பிடிபடவே இல்லை. வேலை இருக்கும், இல்லாட்டி போகும். குறையுமா என்ன?

அந்த ஞாயிற்றுக்கிழமை தென்காசியிலிருந்து அக்கா பஸ் ஏறி வந்துவிட்டாள். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய், முந்தானை முடிச்சில் ஐயாயிரம் ரூபாய். "கணக்குல ஏதோ பிசகு வந்து நிப்பாட்டிட்டாவளாம், எங்கிட்ட மறைக்காத" என்று ஒரே அழுகை. நான் சேமிப்புக் கணக்கையெல்லாம் எடுத்துக் காட்டியும் நம்பவில்லை. ஐயாயிரத்தை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். பேட்டைப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஜிஎஸ்டி வந்த பிறகு எங்கள் வேலைக்கு ஒரு மாச வட்டம் உண்டு. 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் ஏற்றணும், 20க்குள் வரியைக் கட்டி 3பி என்ற மாசப் படிவத்தைத் தாக்கல் பண்ணணும். அந்தப் பதினேழு, பதினெட்டு நாள் மூச்சு விட முடியாது. 20 தாண்டிவிட்டால் பழைய வவுச்சரை ஒட்டிக்கொண்டு, சாயங்காலம் ஆறு மணிக்காகக் காத்திருப்பேன். 2022இல் முதலாளியிடம் போய், "3ஆம் தேதியிலிருந்து 20 வரைக்கும் வாரேன், மிச்ச நாள் வரமாட்டேன், 36,000க்குப் பதிலா 20,000 குடுங்க" என்றேன்.

அவர் கணக்கைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். "மிச்ச நாள் எந்தக் கடைக்குப் போகப் போறீரு?"

"எந்தக் கடைக்கும் இல்ல. வீட்ல இருப்பேன்."

"வீட்ல என்னவே வேலை?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ரெண்டு வாரம் இழுத்தடித்து, வேறு கடைக் கணக்கைத் தொடமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் ஒத்துக்கொண்டார்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. அப்பா விட்டுப்போன ஓட்டு வீடு, வாடகை கிடையாது. (இது இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை. வாடகை வீட்டுக்காரர்கள் என் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம்.) பதின்மூன்று வருஷம் சேர்த்ததில் பி.எஃப், பிபிஎஃப், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாமாக 26 லட்சம். "வருஷச் செலவைப் போல 25 மடங்கு இருந்தால் வேலையை விடலாம்" என்று எல்லாரும் சொல்வார்கள். அது 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் அந்த ஊர்ப் பங்கு, பத்திரங்களின் பழைய விலையை வைத்துப் போட்ட கணக்கு. முதல் வருஷம் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்குத் தக்கக் கூட்டிக்கொண்டே போனாலும் 30 வருஷம் தாங்கும் என்பது அவர் கண்டது. எனக்கு அப்போது 44 வயசு. முப்பது போதாது, நாற்பது வருஷம் தாங்கணும். நம்ம ஊர் விலைவாசி வேற. அதனால் 35 மடங்கு வைத்தேன். மாசம் 17,500 செலவென்றால் வருஷம் 2,10,000, அதற்கு 35 மடங்கு 73,50,000. அதற்கு எங்கே போக? ஆனால் சம்பளம் செலவை மட்டும் தாங்கினால் போதும், 26 லட்சத்தைத் தொடாமல் விட்டால் அது பாட்டுக்கு வளரும் என்று தோன்றியது. முழு விடுதலை வேண்டாம், பரோல் போதும்.

இதில் நான் எதிர்பாராதது ஒன்று. 17,500 என்பது நான் பல்லைக் கடித்துக் குறைத்த செலவு இல்லை. முன்னே 24,000 ஆச்சு. அதில் எவ்வளவு வேலைக்காகவே செய்த செலவு என்பது வேலை குறைந்த பிறகுதான் தெரிந்தது. பெட்ரோல், மத்தியானச் சாப்பாடு, நாலு மணி டீ வடை, இஸ்திரி. ராத்திரி எட்டரைக்கு அலுத்து வந்து "சமைக்காண்டாம், பரோட்டா வாங்கிட்டு வாரேன்" என்று சால்னாவோடு கட்டிவந்தது மட்டும் மாசத்துக்குப் பத்து நாள் இருக்கும். இப்போது மகாராஜநகர் உழவர் சந்தைக்கு ஆறுமணி அவசரத்தில் போவதில்லை. கடை எடுத்து வைக்கிற நேரத்துக்குப் போவேன். வெயிலில் வாடத் தொடங்கின கீரையைத் திருப்பிக் கொண்டுபோக யாருக்கும் மனசு வராது. கேட்ட விலைக்கு வரும். கூடினதும் உண்டு. பகலெல்லாம் வீட்டில் ஃபேன் ஓடுவதால் சித்திரையில் கரண்டு பில் ஏறியது. ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது குளிர்காலத்தில்தான் ஞாபகம் வருகிறது.

குறைக்கவே முடியாமல் நிற்பது செய்முறை, அதாவது கல்யாணம், சடங்கு வீடுகளில் வைக்கிற மொய். அம்மையின் செய்முறை நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நீளவாக்கில் திறக்கிற நோட்டு, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவின பிள்ளையார் சுழி. 1998இல் அக்கா கல்யாணத்துக்கு யார் 51, யார் 101, யார் எவர்சில்வர் குடம் என்று வரிசையாக எழுதி, திருப்பிச் செய்த பேருக்குப் பக்கத்தில் ஒரு கோடு. பணவீக்கத்தை எனக்கு ரிசர்வ் வங்கி விளக்க வேண்டாம், அந்த நோட்டு போதும். அன்றைக்கு 101 செய்தவர் வீட்டுக்கு இன்றைக்கு 1001 வைத்தாலும் முகம் தெளியவில்லை. போன ஆவணியில் ஒன்பது பத்திரிகை, 14,000 ரூபாய். இதை எந்தப் பட்டியலில் போடுவது? உங்களில் யாராவது செய்முறையைக் குறைத்துவிட்டு உறவையும் காப்பாற்றியிருந்தால் சொல்லுங்கள்.

அம்பை மைனி:

கணக்கன் அண்ணாச்சி, பெட்ரோல் மிச்சம், பரோட்டா மிச்சம் என்று அழகாக எழுதியிருக்கிறீர்கள். மூணு வேளையும் அடுப்புக்கு முன்னே நின்றது யார் என்று எழுதவில்லையே?

எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். போன வருஷம் வாரத்துக்கு மூணு நாளாக்கினார். முதல் வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரெண்டாம் வாரம் பதினோரு மணிக்கு ஒரு காப்பி, மூணு மணிக்கு ஒரு காப்பி. மூணாம் வாரம் ஒரு புதன்கிழமை, "சொதி சாப்பிட்டு நாளாச்சுலா?" என்றார். சொதி என்றால் என்ன லேசா? தேங்காயைத் துருவி, முதல்பால், ரெண்டாம்பால், மூணாம்பால் என்று தனித்தனியாகப் பிழிஞ்சு, பாசிப்பருப்பை வேகவச்சு, காயை மூணாம்பாலில் வேகப்போட்டு, முதல்பால் விட்டதும் கொதிக்க விடாமல் கிட்டவே நின்று இறக்கணும். கூட இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல் வேற. கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் பத்துப் பொம்பளைகள் சேர்ந்து செய்ததை நான் ஒருத்தி செய்தேன். அவர் ஒரு எக்செல் காட்டினார், "ஹோட்டல் செலவு 3,200 குறைஞ்சிருக்கு" என்று. "அந்த 3,200 என் சம்பளம், எடுத்து வையும்" என்றேன்.

ஒரு மாசம் பேச்சு வார்த்தை குறைவு. இப்போது வியாழக்கிழமை அடுப்பு அவர் பொறுப்பு. உளுந்தஞ்சோறு ஒன்றுதான் தெரியும். தோலுளுந்து, அரிசி, வெந்தயம், பூண்டு, தேங்காய் எல்லாத்தையும் குக்கரில் போட்டு இறக்குவார். எள்ளுத்துவையல் நான் அரைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உங்க வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், உங்க வேலை குறைஞ்சப்போ யார் வேலை கூடுச்சு என்று.

முக்கூடல் பையன்:

எங்க அம்மைக்கு மணிக்கணக்கு கிடையாது, பீடிக் கணக்குதான். ஆயிரம் முடிஞ்சால் நாள் முடிஞ்சது. தட்டு மடியில் இருக்கும். அளவுத் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் நறுக்கி, தூளை வைத்து உருட்டி, நூலைச் சுத்தி, முனையை மடக்கிக் குத்துவாள். கண் டிவியில் இருக்கும், வாய் பக்கத்து வீட்டுக்காரியோடு இருக்கும், கை மட்டும் நிற்காது. என்னை அடிக்கணும் என்றாலும் "இங்க வால"தான், எழுந்து வந்ததில்லை. இருபத்தஞ்சு ஒரு கட்டு, நாற்பது கட்டு கட்டிக் கடைக்குப் போனால், அங்கே மட்டமென்று கொஞ்சத்தைக் கழித்துப் போடுவார்கள். இலை பத்தாமல் போனால் கைக்காசு போட்டு வாங்கணும்.

எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்த பிறகு ஆயிரத்தை ஐநூறாகக் குறைத்தாள். பி.எஃப் பென்ஷனும் வருகிறது. 2014இல் குறைந்தபட்சம் ஆயிரம் என்று ஆக்கினார்களே, அதுதான். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுத்தினவளுக்கு மாசத்துக்கு ஆயிரம் ரூபாய்.

ரெண்டு தீபாவளிக்கு முன்னே, வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு ஊர்ப்பக்கம் வந்து இருக்கப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"உடம்புக்கு முடியலயா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"மேனேஜர் ஏசுதானா?"

"அதெல்லாம் இல்லம்மா. சேத்த பணம் இருக்கு, போதும்னு தோணுது."

கொஞ்ச நேரம் சுத்திக்கொண்டே இருந்தாள். பிறகு நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே கேட்டாள்: "நீ வேலைக்குப் போனதாலலா நான் ஐநூறாக் குறைச்சேன். நீ குறைச்சா, நான் கூட்டணுமால?"

என் எக்செல்லில் அவளுக்கு ஒரு வரி இருந்தது. 'அம்மா, மாதம் 4,000' என்று. அவள் கேட்டது அந்த வரியைப் பற்றி இல்லை. நான் மனசு மாறினால், எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த வரி எங்கே போகும் என்பதைப் பற்றி. ஊர் திரும்புவதைத் தள்ளிப்போட்டேன். அவள் பேரில் தபால் ஆபீஸில் மாத வருமானத் திட்டத்தில் 6 லட்சம் போட்டேன். 7.4 சதவீதத்தில் மாசம் 3,700 வரும். பாஸ்புக்கை அவளிடமே கொடுத்தேன். மூணு மாசம் பணம் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் மறுபடி பேச்செடுத்தேன். "சரி வா, இலை வெட்ட ஆளில்ல" என்றாள்.

இப்போது நாலு மணிநேர வேலை எனக்கு, ஐநூறு பீடி அவளுக்கு. நிப்பாட்டச் சொன்னால் கோபம் வருகிறது.

மேலப்பாளையத்தான்:

நான் சுருக்கமாகச் சொல்றேன். சவூதியில் பதினோரு வருஷம். ஐம்பது லட்சம் சேர்ந்ததும் வந்துவிடுவேன் என்று சபதம். சேர்ந்தது, வந்தேன், வீடு கட்டினேன். வீடு முடியும்போது கையில் ஏழு லட்சம். மறுபடி விமானம் ஏறினேன். மாடியில் இன்னொரு தளம் வேண்டாம் என்று அன்றைக்கு யாராவது என் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். இப்போது ரெண்டாம் சுற்று முடிந்து வந்திருக்கிறேன். டெபாசிட்டை ஒரே பேங்கில் வைக்கவில்லை, பேங்க் முழுகினால் ஒரு பேங்குக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. செங்கல் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

வள்ளியூர் டீச்சர்:

தனியார் பள்ளியில் முழுநேரம் இருந்தேன். விட்டுவிட்டுச் சாயங்காலம் டியூஷன் மட்டும் என்று மாறினேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, எட்டு மாசம். ஒருநாள் அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பள்ளியில் இருந்தபோது அப்பாவையும் சேர்த்து ஒரு குழுக் காப்பீடு இருந்தது. வேலையோடு அதுவும் போச்சு என்பது ஆஸ்பத்திரிக் கவுண்டரில்தான் எனக்கு உறைத்தது. மூணு வருஷச் சேமிப்பு பதினாறு நாளில் கரைந்தது.

குறைக்க நினைப்பவர்கள், வேலையில் இருக்கும்போதே சொந்தமாக ஒரு பாலிசி எடுத்து வைத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராத ஒரு காத்திருப்புக் காலம் வைப்பார்கள். 2024 ஏப்ரலிலிருந்து அது அதிகபட்சம் மூணு வருஷம், முன்னே நாலு. அந்த மூணு வருஷம் சம்பளம் வரும்போதே ஓடிவிட்டால் நல்லது.

இன்னொன்றும் சொல்லணும், கணக்கன் அண்ணாச்சி செய்முறை பற்றிக் கேட்டாரே. அந்தப் பதினாறு நாளும் ராத்திரிக்குக் காவல் இருந்தது என் சின்ன அத்தான். அவர் மகள் சடங்குக்கு நான் செய்தது வெறும் 500. ஆனால் சடங்குக்கு முந்தின மூணு நாளும் பள்ளிக்கு லீவு போடத் தேவையில்லாமல் அங்கேயே கிடந்து காய் நறுக்கினேன், சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்தேன். 500ஐ யாரும் பேசினதாக நினைவில்லை. எல்லா வீட்டிலும் இது செல்லுமா என்றால் செல்லாது. என் பெரியம்மை வீட்டில் நோட்டுதான் பேசும்.

பாளைக் கணக்கன்:

எல்லாரையும் படித்தேன். முக்கூடல் தம்பி எழுதினதை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. டீச்சர் சொன்னபடி பாலிசி விசாரித்தாச்சு. எனக்குச் சுகர் இருப்பதால் பிரீமியம் கூடத்தான் சொல்கிறார்கள். மாசம் 17,500 இனி 19,000க்குக் கிட்ட வரும்போல. 35ஆல் பெருக்கிப் பார்க்கவில்லை, பயமாக இருக்கிறது.

அம்பை மைனிக்கு: நீங்கள் சொன்னபடி வீட்டில் கேட்டேன். "இப்பமாவது கேட்டியளே" என்றாள். வியாழக்கிழமை உளுந்தஞ்சோறு வைத்தேன். தண்ணீர் அளவு தப்பி அடிப்பிடித்துவிட்டது. குக்கரை ஊறப்போட்டிருக்கிறேன்.

இன்றைக்குத் தேதி 9. இனி 20க்கு அப்புறம்தான் இந்தப் பக்கம் வருவேன். அக்காவின் ஐயாயிரம் இன்னும் அரிசிப் பானையில்தான் இருக்கிறது.