கறிக்கோழிக்கு 18 நாளுக்கு மேல கால் திரும்புது: மாட்டுத் தாது உப்பு போடறதுதான் காரணமா?

பொங்கலூர் பிராய்லர்:
வணக்கமுங்க. கம்பெனி ஒப்பந்தம் இல்லாம சொந்தமா 1500 கறிக்கோழி, தீவனமும் சொந்தக் கலவைதான். 18-ம் நாளுக்கு மேல 100-க்கு 3, 4 கோழிக்கு ஒரு கால் வெளிப்பக்கமாத் திரும்பிக்குது. கணுக்கால் மூட்டு அகலமாத் தட்டையா தெரியுது. கழிச்சல் இல்லை, இறகும் நல்லா இருக்குது. ஆனா தீவனத்தட்டு வரைக்கும் நடக்க முடியாம இளைச்சுப் போகுதுங்க.

11 முதல் 24 நாள் வரைக்கும் போடற 500 கிலோ கலவை இது: மக்காச்சோளம் 295, சோயா புண்ணாக்கு 170, எண்ணெய் 10, டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) 9, சுண்ணாம்புத்தூள் 7, உப்பு 1.5, தாது உப்புக் கலவை 5, மெத்தியோனின் 1, லைசின் அரை, வைட்டமினும் டாக்சின் பைண்டரும் (பூஞ்சை நஞ்சைப் பிடிக்கறது) சேர்த்து 1 கிலோ. தாது உப்பு மாட்டுக்கு வாங்கற அதே மூட்டைதான். கடையில கால்சியம் டானிக் கொடுக்கச் சொன்னாங்க, 4 நாள் தண்ணியில கொடுத்தாச்சு, ஒண்ணும் மாறலை. எதைக் கூட்டணும், எதைக் குறைக்கணும்?

கோழி மருத்துவம்:
கால்சியம் டானிக்கை இன்றே நிறுத்துங்கள். காரணம் கீழே.

முதலில் நோயைப் பிரித்துக்கொள்வோம். கால் திரும்பிய கோழிகளில் மூன்றை அறுத்துப் பாருங்கள். கணுக்கால் மூட்டின் பின்புறம் ஒரு தடித்த தசைநாண், அதாவது நீங்கள் நரம்பு என்று சொல்வது, எலும்பின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அது பள்ளத்தை விட்டுப் பக்கவாட்டில் நழுவியிருக்கிறதா? கால் எலும்பை இரு கையாலும் பிடித்து ஒடித்தால் 'டப்' என்று ஒடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் இது பெரோசிஸ். மாங்கனீசு என்ற தாது அல்லது கோலின் என்ற வைட்டமின் போன்ற சத்துக் குறைவை முதலில் சந்தேகப்பட வேண்டும். பயோட்டின், ஃபோலிக் அமிலக் குறைவிலும் வரும்.

எலும்பு ரப்பர் போல வளைந்தால் கதை வேறு: கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி3 பக்கம் போக வேண்டும். மூட்டு சூடாக இருந்து, கீறினால் சீழோ மஞ்சள் நீரோ வந்தால் அது தொற்று. தாது உப்பை மாற்றி எந்தப் பயனும் இல்லை, மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள்.

நழுவிய தசைநாண் திரும்ப உட்காராது. அந்தக் கோழிகளைத் தேற்ற முயலாமல் கழித்துவிடுங்கள். தீவனத்தைத் திருத்துவது மற்ற கோழிகளுக்காக.

தீவனக் கணக்கு:
கலவையைப் பார்த்தாலே தெரிகிறது. மாட்டுத் தாது உப்பின் இந்தியத் தர அளவு, உப்பு சேராத வகையில், ஏறக்குறைய இப்படி: கால்சியம் 20%, பாஸ்பரஸ் 12%, துத்தநாகம் 0.8%, மாங்கனீசு 0.12%, தாமிரம் 0.1%, அயோடின் 0.026%. நீங்கள் போடுவது 1%, அதாவது டன்னுக்கு 10 கிலோ. பெருக்குங்கள்.

துத்தநாகம் டன்னுக்கு 80 கிராம், அதாவது 80 பிபிஎம் (பத்து லட்சத்தில் 80 பங்கு). தானியத்தில் இருப்பதையும் சேர்த்தால் காகிதக் கணக்கில் போதும். இறகு நன்றாக இருப்பதும் அதோடு ஒத்துப்போகிறது.

மாங்கனீசு? 12 கிராம். வெறும் 12 பிபிஎம். மக்காச்சோளத்திலும் சோயாவிலும் இயல்பாக இருப்பது இன்னொரு 15 வரலாம், அதிலும் பாதிக்குமேல் உடம்பில் சேராது. ஆக மொத்தம் 27. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு (என்ஆர்சி) 1994-ல் சொன்ன குறைந்தபட்சமே 60. அந்தக் காலக் கோழி இவ்வளவு வேகமாக எடை போட்டதில்லை. இன்றைய ராஸ் 308 என்ற கறிக்கோழி இனத்துக்கு இனவிருத்தி நிறுவனத்தின் அட்டவணையில் சேர்க்க வேண்டியதாகவே 120 என்று போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு அடி கால்சியத்தில். டிசிபியிலிருந்து 0.41%, சுண்ணாம்பிலிருந்து 0.53, மாட்டு உப்பிலிருந்து 0.20, மூலப்பொருளிலிருந்து 0.1. கூட்டினால் 1.25%-க்கு அருகில். இந்த வயதுக்கு 0.9 போதும். கால்சியமும் பாஸ்பரஸும் மிஞ்சினால் குடலில் மாங்கனீசு உறிஞ்சப்படுவது குறையும். ஏற்கெனவே 27, அதையும் தடுத்துவிட்டு மேலே டானிக்கும் ஊற்றியிருக்கிறீர்கள். டாக்டர் நிறுத்தச் சொன்னது இதனால்தான்.

மூன்றாவது: கலவையில் கோலின் குளோரைடே இல்லை. செலினியமும் இல்லை, மாட்டு உப்புத் தரத்தில் அதற்கு இடமே கிடையாது.

500 கிலோவுக்குத் திருத்தம்: மாட்டு உப்பு 5 கிலோவையும் எடுத்துவிடுங்கள். சுண்ணாம்பு 7-லிருந்து 5. டிசிபி 9 அப்படியே. கறிக்கோழிக்கான டிஎம் (நுண் தாது) பிரீமிக்ஸ், டன்னுக்கு 1 கிலோ வகை என்றால், அரைக் கிலோ. 60% கோலின் குளோரைடு அரைக் கிலோ. மிச்சமாகும் 6 கிலோ இடத்துக்கு மக்காச்சோளம், அது 301 ஆகும். முதல் 10 நாள் தீவனத்திலும் இதே மாட்டு உப்பைப் போடுகிறீர்கள் என்றால் அதையும் மாற்றுங்கள். 18-ம் நாள் கண்ணுக்குத் தெரிகிற கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

பொங்கலூர் பிராய்லர்:
அறுத்துப் பாத்தேனுங்க. மூணுலயும் நரம்பு விலகித்தான் இருக்குது, எலும்பு கெட்டி. பிரீமிக்ஸ் 25 கிலோ மூட்டையாத்தான் கிடைக்குது, எனக்கு அது ரொம்ப நாளைக்கு வரும். உரக்கடையில ஜிங்க் சல்பேட், மாங்கனீஸ் சல்பேட் இருக்குதே, வாங்கி நானே கலந்துக்கலாமா? மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வேற வாரம் 2 நாள் தண்ணியில லிட்டருக்கு அரை கிராம் போடறேன், அதுல தாமிரம் கிடைச்சிரும்தானே?

மிக்சர்க்காரர்:
உரக்கடைச் சரக்கு வேண்டாங்க. அது பயிருக்கான தரம். ஈயம், காட்மியம் தீவனத்துக்கான வரம்புக்குள்ள இருக்கும்னு அந்த மூட்டை சொல்லாது. ஃபீட் கிரேடு உப்பு தனியா விக்குது.

சொந்தமா கலக்கறவங்க முக்காவாசிப் பேர் தப்பு பண்றது நீர் மூலக்கூறுலதான். ஜிங்க் சல்பேட் மோனோஹைட்ரேட்ல துத்தநாகம் 35%. ஹெப்டாஹைட்ரேட்ல 21, 22 தான். பேரு ஒண்ணு, நிறம் ஒண்ணு. மோனோவுக்குப் போட்ட கணக்கை ஹெப்டாவுல எடை போட்டா 100 பிபிஎம்னு நெனச்சது 63-ல நிக்கும்.

டன்னுக்கான கணக்கு, மாங்கனீசு 100, துத்தநாகம் 100, இரும்பு 40, தாமிரம் 15, அயோடின் 1, செலினியம் 0.3 பிபிஎம் வர்ற மாதிரி:
மாங்கனீஸ் சல்பேட் மோனோ (32%) 312 கிராம்
ஜிங்க் சல்பேட் மோனோ (35%) 286 கிராம்
ஃபெரஸ் சல்பேட் மோனோ (30%) 133 கிராம்
காப்பர் சல்பேட் பென்டா (25%) 60 கிராம்
கால்சியம் அயோடேட் (62%) 1.6 கிராம்
1% செலினியம் பிரீமிக்ஸ் 30 கிராம்
மீதி கால்சைட் தூள் போட்டு 1 கிலோவுக்கு நிரப்பணும்.

பொட்டாசியம் அயோடைடு விலை குறைவுன்னு வாங்காதீங்க, தாமிர, இரும்பு உப்போட சேர்ந்தா அயோடின் பிரிஞ்சு பறந்துரும். சோடியம் செலினைட்டைத் தூளா வாங்கிக் கையால எடை போடறது கூடவே கூடாது. டன்னுக்கு ஒரு கிராம்கூட வேண்டாத பொருள், தராசு கொஞ்சம் தப்பினா கோழிக்கும் விஷம், உங்களுக்கும் விஷம். 1% பிரீமிக்ஸா வாங்குங்க.

இதைப் பூராம் படிச்சா உங்களுக்கே தெரியும்: 1500 கோழிக்கு இந்த வேலை வேண்டாம். பக்கத்துப் பண்ணையோட ஒரு மூட்டையைப் பங்கு போட்டுக்குங்க. ஈரம் படாம இறுக்கிக் கட்டி வைங்க, சல்பேட் தண்ணி இழுத்துக் கட்டி தட்டிரும்.

கலக்கறப்ப அரைக் கிலோ பிரீமிக்ஸை முதல்ல 5 கிலோ மக்காச்சோள மாவுல, அப்புறம் 20 கிலோவுல. அதுக்குப் பிறகுதான் மிக்சர். நட்டுக்குத்தா நிக்கற மிக்சரா இருந்தா காலி மிக்சர்ல முதல்ல கொட்டாதீங்க, அடியில திருகுக்குக் கீழ போய் உட்கார்ந்துக்கும், அது கலவையில சேரவே சேராது. பாதி மக்காச்சோளம் போனதும் கொட்டி, எல்லாம் போட்ட பிறகு 12, 15 நிமிஷம் ஓட்டுங்க. எண்ணெய் கடைசியில. வைட்டமினை டிஎம் கூடவோ கோலின் கூடவோ ஒரே டப்பாவுல கலந்து வைக்காதீங்க, தாமிரமும் ஈரமும் சேர்ந்து வைட்டமினைக் கெடுத்துரும்.

கோழி மருத்துவம்:
மயில்துத்தம் பற்றி. லிட்டருக்கு அரை கிராம் என்றால் தண்ணீரில் 125 பிபிஎம் தாமிரம். கோழி தீவனத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். ஆக அந்த நாளில் 250 பிபிஎம் தாமிரத் தீவனம் தின்றதற்குச் சமம். தேவை 15. கோழியின் கழுத்தடியில் உள்ள தீவனப்பையில் பூஞ்சை என்று உறுதியானால் சில நாள் கொடுப்பது வேறு. வாரந்தோறும் வழக்கமாக ஊற்றுவது இரைப்பையின் உட்தோலைப் புண்ணாக்கும். நிப்பிள் (கோழி தண்ணீர் குடிக்கும் முனை), இரும்புக் குழாய்களையும் அரிக்கும்.

உங்கள் போர்வெல் தண்ணீர் துருநிறத்தில் வந்தால் பிரீமிக்ஸில் இரும்பைக் குறைத்தாலும் குற்றமில்லை. டிசிபியிலேயே கணிசமாக இரும்பு இருக்கிறது.

தீவனக் கணக்கு:
தாதுவை அமினோ அமிலத்தோடோ புரதத்தோடோ பிணைத்த கிளைசினேட், புரோட்டினேட் போன்ற ஆர்கானிக் வகையைப் பலர் அடுத்ததாகக் கேட்பார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். தானியத்தில் உள்ள ஃபைட்டேட்டும் கால்சியமும் பிடித்துக்கொள்வது அதில் குறைவு, அதனால் குறைந்த அளவு போதும். ஆனால் உங்கள் கோளாறு வகையால் வந்தது அல்ல, அளவால் வந்தது. சல்பேட்டையே சரியான அளவில் போட்டுப் பாருங்கள்.

பயந்துகொண்டு இரட்டிப்பாகவும் போட வேண்டாம். மிஞ்சியதெல்லாம் எருவில்தான் போய்ச் சேரும், அந்த எரு உங்கள் தென்னந்தோப்புக்குத்தானே போகிறது. ஐரோப்பாவில் கோழித்தீவனத்தின் மொத்தத் துத்தநாகத்துக்கு 120 பிபிஎம் என்று உச்சவரம்பு வைத்திருப்பதே மண்ணில் சேர்வதைப் பார்த்துத்தான்.

பொங்கலூர் பிராய்லர்:
பக்கத்துத் தோட்டத்து அண்ணன்கூட ஒரு மூட்டை பங்குக்குப் பேசியாச்சுங்க. லேபிள்ல 'மாங்கனீசு 10%, ஜிங்க் 10%, டன்னுக்கு 1 கிலோ'ன்னு இருக்குது. இது சரியா வருமா?

தீவனக் கணக்கு:
10% × 1 கிலோ = 100 கிராம், அதாவது 100 பிபிஎம். சரி. ஆனால் அந்த 10% தனிமத்தின் அளவா, சல்பேட்டின் அளவா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். 'மாங்கனீஸ் சல்பேட் 10%' என்று இருந்தால் கையில் கிடைப்பது 32 பிபிஎம்தான், மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.