தொட்டி பழக்குதல்: கடல்நீர் மீன்தொட்டிக்கு ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

புதுத் தொட்டியில் மீன் விடுமுன், கழிவின் நஞ்சை மாற்றும் பாக்டீரியாவை வளர்த்துத் தொட்டியை ஆயத்தமாக்குவதை மீன் வளர்ப்போர் ‘சைக்ளிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘சுழற்சி செய்தல்’ என்று நம் சொல்லாக்கக் குழுவில் ஓர் ஐயா முன்வைத்திருக்கிறார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

குழித்துறையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் கடல்நீர்த் தொட்டி வைத்தான். உப்பைக் கரைத்து, ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 வரும்வரை பொறுமையாக அளந்தான். ‘மீன் விடுமுன் சுழற்சி செய்’ என்று கடையில் சொன்னார்களாம். இரண்டு வாரம் இரவும் பகலும் பம்பை ஓடவிட்டுத் தண்ணீரைச் சுழற்றினான். பிறகு இரண்டு கோமாளி மீன்களை விட்டான். சில நாளில் ஒரு காலை என்னைக் கூப்பிட்டான். இரண்டும் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்மூடி படபடவென்று அடித்தது. தண்ணீரோ பளிங்குபோல் தெளிந்திருந்தது. உச்சிப்பொழுதுக்குள் இரண்டும் செத்துவிட்டன. பையன்மேல் குற்றமில்லை. சொல்தான் அவனை வழிதவற வைத்தது.

நடக்க வேண்டியது வேறு. மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இவை பெரும்பாலும் பாறையிலும் மணலிலும் ஒட்டி வளர்பவை. அம்மோனியாதான் இவற்றுக்கு மூல இரை. இரையில்லாத வெறுந்தண்ணீரை எத்தனை நாள் சுற்றவிட்டாலும் இவை பெருகமாட்டா. கொஞ்சம் தீனியை அழுகவிட்டோ அளவாக அம்மோனியா சேர்த்தோ நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். கடல்நீரின் பிஎச் (அமில, கார அளவு) 8.2 என்று காரப்பக்கம் இருப்பதால் அம்மோனியாவின் நஞ்சும் அங்கே கடுமை. அவசரம் கூடவே கூடாது.

இதற்கான சொல் நம் அடுக்களையிலேயே இருக்கிறது. புது மண்சட்டியில் வாங்கிய அன்றே மீன்குழம்பு வைப்பதில்லை. கஞ்சித்தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, சில நாள் சட்டியைப் பழக்குகிறோம். தோசைக்கல்லையும் அப்படித்தான். ஆகவே ‘தொட்டி பழக்குதல்’ என்கிறேன். எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் போனால், இப்படிப் பழக்குவதைச் சட்டியை ‘மயக்குதல்’ என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் தொட்டியை மயக்கு என்றால் நம்மவர்கள் மீனுக்கு மயக்கமருந்து என்று நினைப்பார்கள்.

குழுவில் வந்த ‘முதிர்த்தல்’ என்ற பரிந்துரையும் தவறில்லை. ஆனால் ‘பழக்கு’ என்பதற்குப் ‘பழகு’ இயல்பான துணை. ‘தொட்டி பழகிவிட்டதா?’ என்று எவரும் கேட்கலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு இறங்கி, நைட்ரேட் தென்பட்டால் பழகிவிட்டது.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும்: வாங்கிவந்த மீனைப் புதுத் தண்ணீருக்குப் பழக்குவதும் பழக்குதல்தானே? அதற்கு ‘இணக்குதல்’ என்று வைத்துக்கொள்ளலாம். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டிநீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, மீனை அந்த நீரோடு இணங்கவைக்கிறோம் அல்லவா?

இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்திருக்கிறது. அந்தப் பக்கத்து நண்பர்கள் யாராவது குழுவில் இருந்தால், மீனை இடம் மாற்றும்போது அங்கே பணியாளர்கள் தமக்குள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் வாயில் வேறு சொல் வழங்கினால் ‘இணக்குதலை’ விட்டுவிடுகிறேன். ‘பழக்குதலை’ மட்டும் விடமாட்டேன்.