கல்யாண கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது ஒலி பிந்துகிறது, உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். அக்காவின் கல்யாண விஎச்எஸ் கேசட்டை யூஎஸ்பி கேப்சர் கருவி வழியாகக் கணினியில் ஏற்றி வருகிறேன். தொடக்கம் சரியாக இருக்கிறது. போகப் போக ஒலி பிந்துகிறது. தாலி கட்டி முடிந்து நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்த பிறகும் கெட்டிமேளம் கேட்டுக்கொண்டே இருக்கிறது!

கேசட் பால் (PAL) எனும் வீடியோ முறை: 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். கருவியும் அதே அமைப்பில்தான் இருக்கிறது. ஒலி 48,000 ஹெர்ட்ஸ். பழைய நாடா என்பதால் சிங்க் சிக்னல் (ஒவ்வொரு கோடும் படமும் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் குறிப்பு) நடுங்கி, கருவி நடுநடுவே படங்களைத் தவறவிடுகிறது என்று நினைக்கிறேன். மென்பொருளும் விடுபட்ட படங்களின் எண்ணிக்கை ஏறுவதைக் காட்டுகிறது. ஒலியை மொத்தமாக நகர்த்தினால் பின்பகுதி சரியாகி, முன்பகுதி கெடுகிறது.

இந்த நடுக்கத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவியை வாங்க எனக்குக் கட்டுப்படியாகாது. நடுவில் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை வைத்து அதன் வழியாக சிக்னலை அனுப்பினாலே போதும் என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? எந்த மாடல் சரிப்படும்? அதிலிருந்து எஸ்-வீடியோவில்தான் (ஒளியையும் நிறத்தையும் தனித்தனியாக அனுப்பும் இணைப்பு) எடுக்க வேண்டுமா?

அப்பாவின் குரல் இந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது. ஓரத்தில் பூஞ்சை வேறு தெரிகிறது. அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் மதுரைப் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள்.