டெதரிங்: தாம்பு என்று சொல்லிப் பார்ப்போமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கைபேசியில் வரும் இணையத்தைக் கணினிக்கும் எடுத்துக் கொடுப்பதுதான் டெதரிங். அதற்குத் தமிழ்ச்சொல் தேடி நம் குழுவில் நடக்கும் பேச்சு பிணைப்பு, தொடுப்பு, தளை, இரவல் இணைப்பு, கைபேசி இணக்கி, தும்பு என்று பல பக்கமாக இழுபட்டு நிற்கிறது. இடையில் நான் ஊருக்குப் போய்விட்டேன், அதனால்தான் பதில் தாமதம். போன வழியிலேயே இந்தச் சொல் எவ்வளவு தேவை என்று நேரில் பார்த்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

எழும்பூரில் மதியம் வைகை ஏறினேன். இருட்டுவதற்குள் ஒரு மொழிபெயர்ப்புக் கோப்பை அனுப்பியாக வேண்டும். விழுப்புரம் வரை சிக்கல் இல்லை. விருத்தாசலம் தாண்டி அரியலூரை நோக்கிப் போகையில் சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு இறங்கிவிட்டது. கைபேசியைச் சன்னல் விளிம்பில் சாய்த்து, விழாமல் இருக்கக் கைக்குட்டையை அண்டக் கொடுத்து, அங்கிருந்து யூஎஸ்பி வடத்தை மடியில் இருந்த கணினிக்கு இழுத்திருந்தேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் ஒரு கை தானாகப் போய் வடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எதிர் இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண். அவள் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினியை வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அங்கிள், ஹாட்ஸ்பாட் போடாம ஒயர்லயே நெட் வருமா?" என்றாள். அவள் கைபேசியில் சார்ஜ் 12 விழுக்காடுதான் இருந்தது, ஹாட்ஸ்பாட் போட்டால் திருச்சி வருவதற்குள் அணைந்துவிடும். "வரும்மா, லேப்டாப்ல இருந்து சார்ஜும் கொஞ்சம் ஏறும்" என்று சொல்லி, வடத்தைச் செருகி, அமைப்புகளுக்குள் போய் அந்தப் பொத்தானைக் காட்டினேன். வடம் செருகாதவரை அது மங்கிக் கிடக்கும், செருகினால்தான் தொட விடும். அதனால்தான் அது இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

"இதுக்குப் பேரு என்ன?"

"டெதரிங்."

"அப்படின்னா?"

தமிழில் சொல்ல எனக்கு ஒரு சொல் இல்லை. இத்தனை நாள் மென்பொருள்களைத் தமிழாக்கிக்கொண்டு, நாம் இங்கே இவ்வளவு பேசிக்கொண்டும், அந்த நேரத்தில் வாய்க்கு ஒன்றும் வரவில்லை. "மாட்டை நீளக் கயித்துல கட்டி மேய விடுவாங்கல்ல, அதுதான் இங்கிலீஷ்ல அந்தச் சொல்லுக்கு அர்த்தம்" என்றேன். அவள் சன்னலில் இருந்த என் கைபேசியைப் பார்த்தாள், மடியில் இருந்த கணினியைப் பார்த்தாள். "அப்ப போன்தான் முளைக்குச்சியா, லேப்டாப்தான் மாடா?" என்றாள்.

சரியான கேள்வி. எதை எதோடு கட்டுகிறோம் என்று நம்மில் யாரும் இதுவரை கேட்டுக்கொள்ளவில்லை. கைபேசிதான் முளை. அதுதான் சிக்னல் கோபுரத்தோடு ஊன்றி நிற்கிறது. கணினி கயிறு எட்டும் தொலைவுக்குள் மேய்கிறது. வடமாக இருந்தால் ஒரு மீட்டர், அருகலையாக (வைஃபை) இருந்தால் ஓர் அறை அகலம்.

இனி, வந்த சொற்களைப் பார்ப்போம்.

பிணைப்பு என்று முன்வைத்த ஐயாவின் காரணம் எனக்குப் புரிகிறது. இணைப்புக்குப் பக்கத்திலேயே நிற்கும் சொல், ஓசை நயமும் உண்டு. ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, எனக்கு அதில் இரண்டு தடைகள் தெரிகின்றன. ஒன்று, பள்ளி வேதியியலில் சகப்பிணைப்பு என்று படித்த பிள்ளைகளுக்கு அது அணுக்களின் சொல். மற்றது இன்னும் பெரிது. கணினி வலையமைப்பிலேயே பாண்டிங் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு மூன்று இணைப்புகளை ஒன்றாக முறுக்கி ஒரே இணைப்பாக ஓட்டுவது அது. நாளைக்கு அதற்குச் சொல் தேடும்போது பிணைப்பைத் தவிர வேறு எதுவும் அவ்வளவு பொருந்தாது. இங்கே செலவழித்துவிட்டால் அங்கே கை வெறுங்கையாகிவிடும்.

தொடுப்பு வேண்டாம். வலைப்பக்க லிங்க்குக்கு ஏற்கெனவே அதைப் பலர் ஆள்கிறார்கள். அதோடு தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'அவருக்கு அங்க ஒரு தொடுப்பு இருக்கு' என்றால் என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு பெண் பிள்ளை தன் வீட்டில் சத்தமாகச் சொல்லக் கூசும் சொல்லை நாம் பொத்தானில் எழுதக் கூடாது.

தளையும் கயிறுதான், ஆனால் விலங்கு என்ற பொருள் அதில் தூக்கலாக இருக்கிறது. யாரும் தடையின்றி எடுத்தாளக்கூடிய மென்பொருளைத் தளையறு மென்பொருள் என்று நாமே எழுதிப் பழகியபின் தளையை நல்ல வேலைக்குத் திருப்ப முடியாது.

இரவல் இணைப்பு என்றதும் எனக்கும் முதலில் பிடித்துப்போனது. கொடு, வாங்கு என்ற வினைகள் கூடவே வருகின்றன. பக்கத்து இருக்கைக்காரரிடம் ஹாட்ஸ்பாட் கேட்டால் அது இரவல்தான். ஆனால் என் கைபேசி, என் கணினி, என் காசில் போட்ட நாளுக்கு 1.5 ஜிபி. இதில் யாரிடம் யார் இரவல் வாங்கினார்கள்? இரவல் என்றால் திருப்பித் தர வேண்டும், தரவைத் திருப்பித் தர முடியாது.

கணினியை இணையத்தோடு சேர்க்கும் மோடத்துக்கு இணக்கி என்ற சொல் இருப்பதால் 'கைபேசி இணக்கி' போதும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பழைய காலத்துக்கு அது சரி. கைபேசியில் இணையம் மெதுவாக ஊர்ந்த ஜிபிஆர்எஸ் நாள்களில் கைபேசி வெறும் மோடம்தான். வடத்தையோ அகச்சிவப்புக் கதிரையோ ஊடலையையோ (புளூடூத்) வைத்துக் கணினியோடு சேர்த்துவிட்டு, கணினியிலிருந்து *99# என்று 'டயல்' செய்வோம். சிடிஎம்ஏ என்ற வேறு நுட்பத்தில் ஓடிய கைபேசி என்றால் #777. இணைய முகவரி (ஐபி எண்) நேரே கணினிக்கு வரும், அந்த நேரத்தில் பல கைபேசிகளில் அழைப்புக்கூட வராது. 2009இல் ஐபோனிலும் 2010இல் ஆண்ட்ராய்டு 2.2இலும் இந்த வசதி உள்ளேயே வந்தபின் கதை மாறிவிட்டது. இப்போது முகவரியைக் கைபேசி தானே வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே கணினிக்குத் தனியாக ஒரு முகவரி பிரித்துக் கொடுக்கிறது. ஐபோனோடு கட்டினால் உங்கள் கணினியின் முகவரி 172.20.10 என்று தொடங்கும், பார்த்திருப்பீர்கள். பழைய ஆண்ட்ராய்டுகளில் யூஎஸ்பி வழி என்றால் 192.168.42. அதாவது வீட்டு ரௌட்டர் செய்யும் வேலையைச் சட்டைப்பையில் இருந்தே செய்கிறது. இதை இணக்கி என்றால் நடப்பதற்கும் பெயருக்கும் தொடர்பு இல்லாமல் போகிறது.

கடைசியாகத் தும்பு, அதாவது மாட்டைக் கட்டும் கயிறு. எனக்கு மனத்துக்கு மிக நெருக்கமாக இருந்த சொல் அதுதான். 'தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை' என்று இன்றும் பேச்சில் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்து அக்கா சொன்னதற்கு மறுப்பு சொல்ல முடியவில்லை. அவர்கள் பக்கம் தும்பு என்றால் தேங்காய் நார், தும்புத்தடி என்றால் கூட்டுகிற துடைப்பம். 'யூஎஸ்பி தும்பு' என்று எழுதினால் அங்கே என்ன படம் மனத்தில் வரும்? நம் சொல் பாக் நீரிணையைத் தாண்ட வேண்டும் என்றால் அதை விட்டுவிடத்தான் வேண்டும்.

மதுரையில் இறங்கி, மேலூர் பக்கம் போகிற பேருந்து பிடிக்க மாட்டுத்தாவணி போனேன். எத்தனையோ முறை போன இடம். அன்றைக்கு அந்தப் பெயர்ப்பலகை வேறு மாதிரி கண்ணில் பட்டது. இந்தத் தாவணி உடுத்தும் தாவணி அல்ல. மாடுகளைக் கட்டும் கயிறு தாமணி, அதுவே தாவணி என்றும் ஆனது. அப்படிக் கட்டிய மாடுகள் நின்ற சந்தைக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மாட்டைக் கட்டிய கயிற்றின் பெயரில் இருக்கும் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டுதான் மாட்டைக் கட்டும் கயிற்றுக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தேன். தாமணிக்குப் பக்கத்துச் சொல் தாம்பு.

தாம்பு என்றால் கயிறு. கன்றைக் கட்டுவதும் தாம்பு. கிணற்றில் இராட்டினத்தில் ஓடுவதும் தாம்புக்கயிறு, நகரத்தில் பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கும் இது தெரியும். யசோதை கண்ணனைக் கட்டிய கயிற்றை மதுரகவியாழ்வார் 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' என்கிறார். முடிச்சுகள் போட்ட, மெல்லிய, சின்னஞ்சிறு கயிறு. அத்தனை பெரியவனை அத்தனை சின்னக் கயிறு கட்டியது என்ற வியப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது. உலகம் முழுக்கப் பரந்த இணையத்தை ஒரு மீட்டர் வடத்தில் இழுத்து மடியில் கட்டுவதற்கு இதைவிட அழகான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கிணற்றுப் பொருளும் தானாக வந்து பொருந்துகிறது. கயிற்றைப் போட்டு இறைக்கிறோம், கயிறு எட்டினால்தான் தண்ணீர்.

அழகு மட்டும் போதாது, புழக்கத்தில் ஓட வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். ஓட்டிப் பார்த்தேன்.

யூஎஸ்பி தாம்பு. ஊடலைத் தாம்பு. அருகலைத் தாம்பு. பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் குறுகிய இடத்தில் மூன்றும் வரி உடையாமல் அடங்குகின்றன. வினைக்குத் 'தாம்பு போடு'. 'என் போன்ல இருந்து தாம்பு போட்டுக்கோ' என்று வாயால் சொல்லிப் பாருங்கள், தடுக்கவில்லை. நிறுத்துவதற்கு 'அவிழ்' என்ற வினை இலவசமாக வருகிறது. இணைப்பு அறுந்தால் 'தாம்பு அவிழ்ந்தது' என்று அறிவிப்பு கொடுக்கலாம். பிணைப்பிலும் இரவலிலும் இந்த வசதி இல்லை. இன்னொன்று, ஒளிப்படக்காரர்கள் கேமராவை வடத்தால் கணினியோடு கட்டி, எடுக்க எடுக்கத் திரையில் பார்க்கிறார்களே, அதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அங்கே இணையமே இல்லை. 'இணையப் பகிர்வு' போன்ற சொல் அங்கே செல்லாது, தாம்பு செல்லும்.

'இன்றைய பிள்ளைகளுக்குத் தாம்பு தெரியுமா?' என்ற கேள்வி வரும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைச் சொல்லும் எத்தனை பேர் மாடு கட்டியிருப்பார்கள்? அது பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த மேய்ச்சல் நிலத்துச் சொல். அவர்கள் வெட்கப்படாமல் எடுத்துக் கைபேசிக்குள் வைத்தார்கள். நம்மிடமும் சுட்டி என்றால் நெற்றியில் தொங்கும் நகை, குறும்புக்காரப் பிள்ளை. இன்று கணினி வகுப்பில் சுட்டி என்றால் கை நேரே மௌஸுக்குப் போகிறது. மடிக்கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் விலையில்லாத் திட்டம் தொடங்கி வீடு வீடாகப் பொருள் போனது, பொருளோடு சொல்லும் போனது. அதற்கு முன் அது நம்மைப் போன்றவர்களின் எழுத்தில் மட்டும் இருந்த சொல். பொருள் இருக்கும் இடத்தில் சொல்லை ஒட்டி வைத்தால் மக்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒட்ட வேண்டிய வேலைதான் நம்முடையது.

பகிரலை இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பகிரலை ஹாட்ஸ்பாட்டுக்கு நல்ல சொல், பரவியும் வருகிறது, அதைத் தொட வேண்டாம். ஆனால் அதன் உள்ளேயே அலை இருக்கிறது. வடத்தில் வரும் இணைப்பை எப்படிப் பகிரலை என்பது? வைகையில் அந்தப் பெண் கேட்டதே அலை இல்லாத வழியைத்தான். ஆகவே தாம்பு பொதுச்சொல், பகிரலை அதில் ஒரு வகை. ஒரு கைபேசியில் நாலைந்து கருவிகள் தொங்கும்போது தாமணி என்று சொல்லலாமா என்று ஆசையாகத்தான் இருக்கிறது. மாட்டுத்தாவணிக்குக் கடன் தீர்த்த மாதிரியும் இருக்கும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு புதுச்சொற்களை மக்கள் தலையில் ஏற்றினால் இரண்டும் விழுந்துவிடும். இப்போதைக்குத் தாம்பு ஒன்றே போதும்.

மலேசிய, சிங்கப்பூர் நண்பர்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். உங்கள் பக்கம் தாம்பு என்ற சொல்லுக்கு வேறு ஏதாவது தவறான பொருள் உண்டா? யாழ்ப்பாணத்து அக்காவும் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். தும்பில் பட்ட அடி தாம்பிலும் படக் கூடாது.

அந்தப் பெண் திண்டுக்கல்லில் இறங்கினாள். இறங்குமுன் வடத்தைச் சுருட்டிக்கொண்டே, வீட்டில் அப்பாவுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். அவர் கைபேசியும் தமிழில்தான் இருக்கிறதாம். பயணத்தில் இணையம் பெறுவது பற்றி நான் எழுதிவரும் சிறு வழிகாட்டியில், வடத்தைச் செருகும் படத்துக்குக் கீழே 'யூஎஸ்பி தாம்பு' என்று இன்று போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் யாரும் தடை சொல்லாவிட்டால் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன்.