உதவி வேணும்: ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளோடு பெற்றோர் நிரந்தரமாகத் தங்க, விசா விவரம்

ஆச்சிமார், அண்ணன்மார்களுக்கு வணக்கம். காரைக்குடியிலிருந்து 600 சுற்றுலா விசாவில் மெல்போர்ன் போயிருக்கும் பெற்றோருக்காகக் கேட்கிறேன். அப்பச்சிக்கு 68, ஆத்தாவுக்கு 63.

67 வயது நிரம்பியவர் அங்கே இருந்தபடியே 804-க்கு (முதிய பெற்றோருக்கான நிரந்தர விசா) விண்ணப்பிக்கலாம், துணையையும் சேர்க்கலாம். முடிவு வரும்வரை பிரிட்ஜிங் விசாவில் (இடைக்காலத் தங்கல் அனுமதி) தங்கலாம். ஆனால் விசா அனுமதிக் கடிதத்தில் 8503 நிபந்தனை ('மேற்கொண்டு தங்கக் கூடாது' என்பது) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உள்ளிருந்து விண்ணப்பிக்க முடியாது. விலக்கு கிடைப்பது அரிது. வயதாகிவிட்டது என்பது மட்டும் காரணமாகாது. இவர்களுக்கு அந்த நிபந்தனை இல்லை.

அடுத்தது பிள்ளைகள் கணக்கு. பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக இருக்க வேண்டும், அல்லது வேறெந்த ஒரு நாட்டையும்விட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். மெல்போர்னில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், காரைக்குடியில் ஒருவர் என்றால் தேறாது. இவர்களுடைய பிள்ளைகள் மூவரில் இருவர் மெல்போர்னில், அதனால் தேறும். 143-க்கு (பெரிய கட்டணம் கட்டிப் பெறும் பெற்றோர் நிரந்தர விசா) இரண்டாம் தவணை மட்டும் ஆளுக்கு 43,600 டாலர் என்பதால் அதைத் தொடவில்லை. 870 என்ற பெற்றோர் விசா தற்காலிகம்தான், மொத்தம் 10 ஆண்டு.

சிக்கல் ஆவணத்தில். திருமணத்துக்குச் சாட்சி இசைகுடிமானம் (நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் திருமண ஒப்பந்த ஏடு) மட்டுமே. பதிவுச் சான்று கிடையாது. அதிலே ஆத்தா பெயர் வீட்டில் கூப்பிடும் பெயர், பாஸ்போர்ட்டில் வேறு.

இசைகுடிமானத்தை மொழிபெயர்த்து, ஒரே ஆள் என்று நோட்டரி உறுதிமொழியும் வைத்து அனுப்பியவர்கள் இருக்கிறீர்களா? ஏற்றார்களா, பதிவுச் சான்று கேட்டார்களா? 804-க்குக் காத்திருக்கும் பல ஆண்டுகளில் ஊருக்கு வந்து திரும்ப பிரிட்ஜிங் பி (வெளிநாடு போய்வர அனுமதிக்கும் பிரிட்ஜிங் விசா) எத்தனை மாதத்துக்குக் கொடுத்தார்கள்? விசா ஜூலையில் முடிகிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.