உதவி: தாமிரத்தில் ஆர்டீமியா சாகவே இல்லை, வேறு எந்த உயிரியை எடுக்கலாம்?

நீலத்திவலை: அவசரம். காப்பர் சல்ஃபேட் நச்சுச் சோதனைக்கு ஆர்டீமியா (உப்புநீரில் வாழும், இறால் போன்ற சின்ன ஓட்டுடலி) குஞ்சுகளைப் போட்டேன். 24 மணி நேரம் ஆகியும், உச்ச டோஸில்கூட எல்லாம் நன்றாக நீந்துகின்றன. அறிக்கை கொடுக்கும் நாள் நெருங்குகிறது. வேறு எந்தச் சின்ன கடல் ஓட்டுடலி சரிவரும்?

அலைமுகம்: உச்ச டோஸ் எவ்வளவு? பொரிந்து எத்தனை மணி நேரமான குஞ்சுகள்? என்ன தண்ணீர்?

கழிமுகம்: ஆர்டீமியாவை விட்டுவிட்டு அகார்ஷியா டான்சாவுக்கு மாறுங்கள், அது ஒரு கோப்பிபாட், அதாவது மிகச் சின்ன ஓட்டுடலி. ஆர்டீமியா சாக லிட்டருக்குத் தாமிரம் மில்லிகிராம் கணக்கில் வேண்டும். அகார்ஷியாவுக்கு மைக்ரோகிராம் கணக்கே போதும். கடல்நீர் நச்சுச் சோதனைக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 14669-இல் இருப்பதும் அகார்ஷியா, டிஸ்பே, நிட்டோக்ரா ஆகிய மூன்று கோப்பிபாட்கள்தான்.

மணல்மேடு: மைசிட் (இறால் போன்ற இன்னொரு சின்ன ஓட்டுடலி) ஏன் கூடாது? 1 முதல் 5 நாள் வயதுக் குஞ்சுகளை எடுங்கள். சோதனை நடக்கும்போதும் உணவு போடணும், இல்லையென்றால் ஒன்றையொன்று தின்றுவிடும். அப்புறம் எது நச்சால் செத்தது என்றே சொல்ல முடியாது.

ஆழ்கடலோன்: தம்பி, இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ தடவை பதில் சொல்லியாகிவிட்டது, தேடிப் பார்த்திருக்கலாம். உயிரியை மாற்றுவதற்கு முன் அடிப்படையைப் படியுங்கள். புதிதாகப் பொரிந்த குஞ்சின் வாய் திறந்திருக்காது, மஞ்சள்கருவில்தான் வாழும். லென்ஸில் பாருங்கள்: முதல் நிலையில் உடல் ஆரஞ்சு நிறமாக மங்கலாக இருக்கும், இரண்டாம் நிலையில் நடுவே குடல் கோடாகத் தெரியும். இந்த இரண்டாம் நிலைதான் நச்சுக்குச் சீக்கிரம் விழும். 24 மணி நேரமும் பத்தாது, 48 வையுங்கள்.

கழிமுகம்: எந்த நிலையாக இருந்தாலும் ஆர்டீமியா கடலில் வாழும் உயிரியே இல்லை. உப்பு ஏரியிலும் உப்பளத்திலும் வாழ்வதை வைத்துக் கடலுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது.

ஆழ்கடலோன்: உலர்ந்த முட்டையை டப்பாவில் வைத்திருந்து, வேண்டும்போது பொரிக்கலாம். தனியாக வளர்ப்புத் தொட்டி வேண்டாம். எந்த ஆய்வகத்திலும் ஒரே மாதிரி செய்ய முடிகிறதே, அது சின்ன விஷயமா?

கழிமுகம்: சுலபமாகக் கிடைப்பது வேறு, பொருத்தமாக இருப்பது வேறு. ஆர்டீமியா பிழைத்த தண்ணீரைப் பாதுகாப்பானது என்று எழுதினால், அதில் மடியும் கோப்பிபாட்களுக்கு யார் பதில் சொல்வது?

மணல்மேடு: படிவுச் சேற்றைச் சோதிப்பதென்றால் சேற்றில் வாழும் ஆம்பிபாட் என்ற ஓட்டுடலிதான், 10 நாள் சோதனை. இங்கே சேறு ஏதாவது உண்டா?

அலைமுகம்: முதலில் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லையே.

நீலத்திவலை: மன்னிக்கவும். சேறு இல்லை. உச்ச டோஸ் லிட்டருக்கு 1 மில்லிகிராம் தாமிரம். பொரிந்த உடனே போட்டேன். தண்ணீர் பாசி வளர்ப்பு அறையிலிருந்து எடுத்தது, எஃப்/2 (பாசிக்கான ஊட்டக் கலவை) சேர்த்த கடல்நீர்.

அலைமுகம்: விஷயம் அங்கேதான் இருக்கிறது! எஃப்/2-இல் ஈடிடிஏ, அதாவது உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள், லிட்டருக்குச் சுமார் 12 மைக்ரோமோல். உங்கள் 1 மில்லிகிராம் தாமிரம் சுமார் 16 மைக்ரோமோல். ஒன்றுக்கு ஒன்றாகப் பிடித்தால் முக்கால்வாசித் தாமிரம் ஈடிடிஏவின் கையில் போய்விடும். இந்தத் தண்ணீரில் எந்த உயிரியைப் போட்டாலும் நச்சு குறைவாகத்தான் தெரியும். எதையும் சேர்க்காத, வடிகட்டிய கடல்நீர் எடுங்கள். கண்ணாடிச் சுவரிலும் தாமிரம் ஒட்டும். முடிந்தால் கரைசலில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பாருங்கள்.

ஆழ்கடலோன்: ஈடிடிஏ சரிதான். ஆனால் குஞ்சின் நிலையை மறக்க வேண்டாம்.

நீலத்திவலை: அகார்ஷியா கிடைக்கவில்லை, டிஸ்பே கிடைத்தது. வெறும் கடல்நீரில் 48 மணி நேரம் வைத்தேன். உச்ச டோஸில் ஒன்றும் அசையவில்லை, தாமிரம் சேர்க்காத கன்ட்ரோல் நன்றாக இருக்கிறது. டோஸைக் கீழே இறக்கி மறுபடி போடுகிறேன். நன்றி.